பூங்காச் செவுத்துல ஒரு வழி

எங்க தெருச் சங்கத் தலைவர் ஒரு ஞாயித்துக்கெழமை காலையில வாசல்ல வந்து நின்னு, "அம்மணி, நம்ம குளத்துப் பூங்காவை அழகுபடுத்தப் போறோமுங்க"ன்னு சொன்னப்பவே எனக்கு மூக்குல வேர்த்துருச்சு. நாங்க குடிவந்த நாள்ல இருந்து அந்தப் பூங்காவுக்கு ஒருத்தரும் ஒரு செம்புத் தண்ணி ஊத்தி நான் பார்த்ததில்ல. பூங்கான்னு எழுதுன தகரப் பலகை, துருப்புடிச்ச சறுக்கு, ஒடஞ்ச பெஞ்சு, மீதியெல்லாம் சீமைக்கருவேல முள்ளு. அதுக்கு அந்தப் பக்கம் குளம். குளத்துல பாதி ஆகாயத்தாமரை, மீதி ஊர்ச் சாக்கடை. கோடையில கொசு, மழைக்காலத்துல நாத்தம். அப்படிப்பட்ட எடத்து மேல இவருக்குத் திடீர்னு என்ன பாசம்?

அது தொண்ணூத்தெட்டு. கோயமுத்தூர்ல எங்க வயசுக்காரங்ககிட்ட அந்த வருசத்தைச் சொன்னாப் போதும், மேல ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. தெரியாதவங்களுக்காகச் சொல்றேன்: முந்தின கார்த்திகையில ஊருக்குள்ள கலவரம், மாசியில குண்டு வெடிப்பு. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல யாராச்சும் ஒரு மஞ்சப்பையைக் கீழ வெச்சுட்டு டீக் குடிக்க நகர்ந்தா, சுத்தி நிக்கறவங்க எல்லாம் செருப்பை உட்டுட்டு ஓடுவாங்க. துணிக்கடைக்குப் போனாப் பையைத் தொறந்து காட்டணும், ஆஸ்பத்திரிக்குப் போனாலும் தொறந்து காட்டணும். நான் கருவேப்பிலையும் தக்காளியும் வாங்கிட்டு வந்த கூடையை ஒரு போலீஸ்காரர் கம்பை உட்டுக் கிண்டிப் பார்த்தார். ரெண்டு தக்காளி நசுங்கிப் போச்சு. ஊரே ஒருத்தரையொருத்தர் ஓரக்கண்ணால பார்த்துட்டுத் திரிஞ்ச வருசம்.

எனக்கு மட்டும் அது புதுசில்ல. நான் பொறந்ததுல இருந்தே அப்படித்தான். எங்கூரு அவிநாசிப் பக்கம். அங்க பக்கத்துத் தோட்டத்துக்காரர் ரெண்டு காட்டுக்கும் நடுவால பொழியோரத்துல ஒரு முருங்கைக் குச்சி நட்டா, அது துளுத்துச்சான்னு யாரும் பார்க்க மாட்டோம். நம்ம பக்கம் எத்தன அடி வந்திருக்குன்னுதான் பார்ப்போம். கேட்டா மட்டும் சிரிச்சுட்டே, "நல்ல முருங்கைங்க, நல்லாக் காய்க்குமுங்க"ன்னு சொல்லுவோம். என்ர ஊட்டுக்காரர் என்னைச் 'சி.ஐ.டி.'ன்னுதான் கூப்பிடுவார். கூப்பிட்டுட்டுப் போகட்டும்.

எங்க தெருவுல ஒரு வரிசை ஊடுகளுக்குப் பின்னால பூங்கா. அந்த வரிசையில கடைசி ஊடு பாய் ஊடு, அதை ஒட்டுனாப்ல எங்க ஊடு. பாய்க்கு டவுனுக்குள்ள இலவம்பஞ்சு மெத்தைக் கடை. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனுசன். அவரு சம்சாரத்தை நான் அக்கான்னுதான் கூப்பிடுவேன். கல்யாணமாகி வந்த புதுசுல, சிறுவாணித் தண்ணி எப்ப வரும், எந்தக் கொழாயில மொதல்ல வரும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவங்கதான். அந்த வரிசையிலயே அவங்க ஊட்டுக்குப் பின்னால இருக்கற பொடக்காலிக்கு மட்டுந்தான் பின்செவுத்துல பூங்காவைப் பார்த்து ஒரு கதவு, பழைய பலகைக் கதவு. மழை ஓஞ்சு வெயிலு வந்தா, பஞ்சை அந்தக் கதவு வழியாக் கொண்டு போய்ப் பூங்காவுல சாக்கு விரிச்சுக் காயப்போடுவாங்க. பறக்காம இருக்க மேல ஒரு கொசுவலை. பூங்காவுக்குன்னு அந்தக் காலத்துல இருந்த ஒரே வெள்ளை அதுதான்.

கார்த்திகைக் கலவரத்தப்ப ஒரு சாயங்காலம், தெருமுனையில டயரைக் கொளுத்திப் போட்டுட்டு ஒரு கூட்டம் கத்திக்கிட்டு வந்துச்சு. நான் மொட்டை மாடியில துணி எடுத்துட்டு இருந்தேன். அக்கா பொடக்காலியில நின்னு செவுத்து மேல கையை நீட்டி, முன்வாசல் சாவியை என்ர பக்கம் போட்டாங்க. அப்பறம் பாயும் அவங்களும் ரெண்டு பொண்ணுகளும் அந்தப் பலகைக் கதவு வழியா வெளிய போய், முள்ளுக்குள்ள பூந்து, குளத்தோரமாவே நடந்து, அக்கரையில இருந்த அவங்க அண்ணன் ஊட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டாங்க. சின்னப் பொண்ணு கால்ல செருப்பில்லாமப் போனதை மாடியில இருந்து பார்த்துட்டே நின்னேன். அழுகை வந்துச்சு, அழக்கூடப் பயமா இருந்துச்சு.

முன்வாசல்ல என்ன நடந்துச்சுன்னும் சொல்லிப்போடறேன். என்ர ஊட்டுக்காரரும் அந்தத் தெருச் சங்கத் தலைவரும் பாய் ஊட்டு வாசல்ல ரெண்டு நாற்காலியைப் போட்டு உக்காந்துட்டாங்க. தலைவர் மில்லு ஆபீஸ்ல பெரிய உத்தியோகம் பார்த்து ரிட்டையர் ஆனவர், வெள்ளைச் சட்டைக்கு ஊருக்குள்ள ஒரு மரியாதை இருந்துச்சு. வந்த கூட்டத்தைப் பார்த்து, "இங்க ஒண்ணும் இல்லீங்க தம்பி, அந்தப் பக்கம் போங்க"ன்னு சொன்னார். அவங்களும் போய்ட்டாங்க. ஊரு அடங்கின பொறகு பாய் குடும்பம் திரும்பி வந்துச்சு. ஒரு கண்ணாடி கூட ஒடையல.

அதனாலதான் எனக்குத் தலைவர் மேல சந்தேகப்படறதா வேண்டாமான்னே பிடிபடல. ஆனா பூங்காவோட பிளானைப் பார்த்ததும் சந்தேகப்பட்டுட்டேன்.

கூட்டம் அவரு ஊட்டுக் கார் ஷெட்டுல. ஆம்பளைங்க நாற்காலியில, பொம்பளைங்க நாங்க சமையல்கட்டு வாசப்படியில. செவுத்துல பெரிய சார்ட் பேப்பரை ஒட்டி, கலர் பென்சில்ல பூங்காவை வரைஞ்சு வெச்சிருந்தார். சுத்தி நடக்கறதுக்குக் கல்லுப் பாதை, சிமெண்ட் பெஞ்சு, கொழந்தைகளுக்கு ஊஞ்சல், நடுவுல ஒரு நீரூத்து, ராத்திரிக்கு வெளக்கு. கார்ப்பரேசன் பாதி செலவு, மீதி தெரு. எல்லாருக்கும் வாயெல்லாம் பல்லு. எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். சக்கரை இருக்கு, தெனமும் நடங்கன்னு டாக்டர் சொல்லி வருசமாச்சு, நடக்கறதுக்கு எடந்தான் இல்ல.

டீத் தட்டை எடுத்துட்டுப் போற சாக்குல கிட்டப் போய்ப் பார்த்தேன். குளத்துப் பக்கம் கம்பி வலை. ஊடுகளோட பக்கம் ஆளு ஒசரத்துக்கு மேல செவுரு, ஒரு ஓட்டை இல்லாம. இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசி வரைக்கும். போக வர அந்த முனையில, குளத்தோரமா ஒரே ஒரு கேட்டு.

"ஏனுங்க, திருடன் குளத்துல நீந்தி வர மாட்டானுங்களா? அந்தப் பக்கம் வெறும் கம்பி வலையாப் போட்டிருக்கீங்க?"ன்னு கேட்டேன்.

எல்லாரும் சிரிச்சாங்க. தலைவரும் சிரிச்சார். "காத்து வரோணுமுங்கல்ல அம்மணி. இந்தப் பக்கம் பாதுகாப்புக்குத்தானுங்க"ன்னார்.

யாரோட பாதுகாப்புன்னு அவரு சொல்லல. பாதுகாப்பு, பாதுகாப்புன்னு அந்த வருசம் எல்லாரும் சொன்ன வார்த்தைதான் அது, ஆனா அந்தச் செவுரு அடைக்கப்போற கதவு வரிசையிலயே ஒண்ணே ஒண்ணுதான். அதை ஒருத்தரும் வாயைத் தொறந்து சொல்லல. கடைசியில பேங்கு வேலையில இருந்த ஒருத்தர் மட்டும், "பஞ்சு பறக்குதுங்க, நடக்கறவங்களுக்கு மூச்சுக்கு ஆகாதுங்க"ன்னு மெதுவா இழுத்தார். அடேயப்பா! இத்தன வருசமாச் சாக்கடை நாத்தத்துக்கு ஒண்ணும் ஆகாத மூச்சு பஞ்சுக்கு ஆகாமப் போச்சாக்கும்.

தலைவர் பாயைப் பார்த்துத் திரும்பி, ரொம்ப மரியாதையாக் கேட்டார்: "பாய், உங்களுக்கு இதுல ஒண்ணும் வருத்தமில்லீங்களே?"

பாய் எந்திரிச்சு நின்னார். "இல்லீங்க. நல்ல காரியந்தானுங்களே. சரிங்க."

அவ்வளவுதான். எல்லாருக்கும் மூச்சு வந்துச்சு. மிச்சர் தட்டு நகர்ந்துச்சு, டீ நகர்ந்துச்சு, நீரூத்துல கலர் லைட் போடலாமான்னு நாயம் பேச ஆரம்பிச்சுட்டாங்க.

எங்க பக்கத்து ஆளுங்க 'சரிங்க'ன்னா என்னன்னு வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாது. மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்றது எங்களுக்குச் செத்தாலும் வராது. பொண்ணு குடுக்க மனசில்லாத மாமன் "சரிங்க, பண்ணிப்போடலாமுங்க"ன்னு தலையாட்டிட்டு, வர்ற முகூர்த்தத்துல வேற எடத்துல பந்தக்கால் நடுவார். கேக்கறவருக்கும் அது தெரியும். ஆனா "நெசமாவே சரிங்களா?"ன்னு ரெண்டாந்தடவை கேக்கறது மரியாதைக்கொறச்சல். பாயும் மூணு தலைமுறையா இங்கயே பஞ்சு அடிச்ச குடும்பம், எங்களை மாதிரியேதான் 'சரிங்க' சொல்லுவார். அந்தக் கார் ஷெட்டுல இருந்த அத்தன பேருக்கும் அது என்ன சரின்னு தெரிஞ்சிருந்துச்சு. தெரிஞ்சுட்டே மிச்சரைத் தின்னாங்க.

ஊட்டுக்கு வந்ததும் நான் புடிச்சுட்டேன். "ஏனுங்க, அந்த மனுசன் என்ன பண்ணுவார், கூட்டத்துல நிக்க வெச்சுக் கேட்டா?"

"அவரே சரின்னு சொல்லிப்போட்டாரு. நமக்கென்ன?"

"என்ர அண்ணன் டிராக்டரை விக்கச் சொன்னப்ப நீங்க கூடத்தான் சரின்னீங்க. வித்தீங்களா?"

அவரு பேப்பரை விரிச்சு மூஞ்சியை மறைச்சுட்டார். சண்டைன்னா அவருக்குப் பேப்பர்தான் செவுரு.

மறுநாள் அக்கா ஊட்டுக்குப் போனேன். உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சாங்க, டீ வந்துச்சு. எப்பவும் எனக்கு எவர்சில்வர் டம்ளர்ல வரும். அன்னைக்குப் பூப்போட்ட பீங்கான் கப்புல, கீழ சாசரோட வந்துச்சு. ஒறம்பரை, விருந்தாளின்னு வந்தா எடுக்கற கப்பு. எனக்குச் சுருக்குன்னுச்சு. "அக்கா, அந்தக் கதவு உங்களுக்கு வேணுமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங்க"ன்னேன்.

"அவரு சரின்னுட்டாருங்களே அம்மணி."

"அவரு சொன்னது எனக்குத் தெரியும். நீங்க சொல்லுங்க."

அவங்க ஜன்னலைப் பார்த்தாங்க. "பஞ்சை மாடியில காயப்போட்டுக்கலாமுங்க"ன்னாங்க. நான் கேட்டது பஞ்சைப் பத்தி இல்லன்னு அவங்களுக்கும் தெரியும். எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல, இந்தத் தெருவு மேல, அந்தக் கலர் பென்சிலு மேல, பூப்போட்ட அந்தக் கப்பு மேல. மறுக்கா ஒரு கலவரம் வந்தா இவங்க எந்தப் பக்கம் போவாங்க? தெருப் பக்கமா? நாற்காலி போட்டு உக்கார ஒவ்வொரு தடவையும் ஆளு கெடைக்குமா?

வைகாசியில முள்ளு வெட்டி, அஸ்திவாரம் தோண்டுனாங்க. கொத்தனார் வந்தார், செங்கல் வந்துச்சு, மணல் வந்துச்சு. தண்ணி மட்டும் எங்க ஊட்டுப் போர்ல இருந்து. அந்த வரிசையில தண்ணி வத்தாத போர் எங்களுதுதான், சிறுவாணித் தண்ணியைச் சிமெண்டுல ஊத்த யாருக்கும் மனசு வராது. "எங்க ஊட்டுல எடுத்துக்கலாமுங்க"ன்னு என்ர ஊட்டுக்காரர்தான் கூட்டத்துல சொல்லியிருந்தார். இது நெசமான சரி.

அந்தக் கடைசியில ஆரம்பிச்ச செவுரு நாளுக்கு நாள் எங்க பக்கமா வளர்ந்து வந்துச்சு. எங்க பொடக்காலியைத் தாண்டி, பாய் ஊட்டுக்குக் கயிறு கட்டுன அன்னைக்குக் காலையில நான் மோட்டாரை அமத்திப்போட்டேன். அமத்தி, பீஸ் கட்டையையும் புடுங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டேன்.

கொத்தனார் வந்து கூப்பிட்டார். "அம்மணி, தண்ணி நின்னுபோச்சுங்க. கலவை காயுதுங்க."

"வழி உட்டாத் தண்ணி வருமுங்க"ன்னேன்.

அவரு பாவம், முழிச்சார். கொஞ்ச நேரத்துல தலைவர் வேகவேகமா வந்தார். கூடவே அந்தப் பேங்குக்காரர், இன்னும் தெருவுல சும்மா இருந்த நாலஞ்சு பேர். மாடியில இருந்து பொம்பளைங்க எட்டிப் பார்த்தாங்க.

"என்னங்க அம்மணி இது? பாய்க்கே வருத்தமில்லைங்கறப்ப உங்களுக்கு எதுக்குங்க இந்த அக்கப்போரு?"

"அந்தக் கதவுக்கு நேராச் செவுத்துல ஒரு ஆளு போற வழி உடுங்க. அவ்வளவுதான் கேக்கறேன்."

"பூங்கான்னா ஒரு ஒழுங்கு வேணுமுங்கல்ல. ஆளாளுக்கு வழி கேட்டா?"

"ஆளாளுக்கா கேக்கறாங்க? ஒருத்தருக்குத்தானுங்க கதவு இருக்குது."

"எல்லாருக்கும் பாதுகாப்பா இருக்கோணும்னுதான்..."

எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டதும் தலைக்கு ஏறிருச்சு. "பாதுகாப்பா? போன கார்த்திகையில நீங்க முன்னால நாற்காலி போட்டு உக்காந்தீங்களே, அப்ப உள்ள யாரு இருந்தா? ஒருத்தரும் இல்ல. அத்தன பேரும் இந்தக் கதவு வழியாத்தான் குளத்தோரமா உசுரு தப்பிப் போனாங்க. நான் மாடியில நின்னு பார்த்தேன். அதை அடைக்கறதுக்கு என்ர போர்த் தண்ணி கேக்குதா உங்களுக்கு?"

தலைவர் மூஞ்சி செவந்துபோச்சு. "சத்தம் போடாதீங்க அம்மணி"ன்னார், ரொம்பச் சன்னமா. அப்பறம் கொத்தனாரைப் பார்த்து, "மூணடி உட்டுக் கட்டுப்பா"ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் பார்க்காமப் போய்ட்டார். அவரு வெக்கப்பட்டாரா, என்ர மேல கோவப்பட்டாரா, எனக்குத் தெரியாது. நான் நம்பல. செவுரு முடியற வரைக்கும் பொடக்காலியில ஸ்டூலைப் போட்டு உக்காந்து, கொத்தனார் செங்கல் வெக்க வெக்கப் பார்த்துட்டே அரிசி பொடைச்சேன். என்ர ஊட்டுக்காரர் ரெண்டு நாள் என்னோட பேசல. பேசாட்டிப் போகுது.

மூணடி நின்னுச்சு. ரெண்டு பக்கமும் தூண் வெச்சு, பூசி, மேல ஒரு சின்ன வளைவு கூடப் போட்டார் கொத்தனார், நான் கேக்காமலேயே. ஊர்ல இல்லாத சந்தோசம் எனக்கு. சாயங்காலம் மாடிக்குப் போய், என்ர வழி எப்படி இருக்குன்னு எட்டிப் பார்த்தேன்.

வழி இருந்துச்சு. வழிக்கு நேராக் கதவைக் காணோம். பலகையைக் கழட்டிட்டு, அந்த எடத்துல உள்பக்கமா இருந்து செங்கல் வெச்சு அடைச்சிருந்தாங்க. பூச்சு இன்னும் ஈரம்.

படியில எப்படி எறங்குனேன்னே தெரியல. அக்கா முன்வாசல்ல கொடியில துணி போட்டுட்டு இருந்தாங்க. "அக்கா, யாரு அடைச்சது? தலைவர் ஆளு உட்டு அடைச்சாரா? சொல்லுங்க, நான் பார்த்துக்கறேன்"ன்னேன்.

"நாங்கதானுங்க அம்மணி. கடைப் பசங்களை வெச்சு அடைச்சோம்."

"எதுக்குங்கக்கா? நான் அத்தன பேரு முன்னாலயும் நின்னு..."

"அதானுங்க." அக்கா கையில இருந்த துணியை மடிச்சாங்க, விரிச்சாங்க, மறுக்கா மடிச்சாங்க. "நாங்க அப்படிப் போனது அதுவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாதுங்க அம்மணி. கூட்டத்துக்கும் தெரியாது, தெருவுக்கும் தெரியாது. இப்ப எல்லாருக்கும் தெரியும். வெளிய போற வழின்னா உள்ள வர்ற வழியும் அதுதானுங்களே. முன்வாசல்னா வர்றது யாருன்னாச்சும் பார்க்கலாமுங்க."

"என்னையுமாக்கா சந்தேகப்படறீங்க?"

கேட்டுப்போட்டேன். கேக்காம இருந்திருக்கலாம்னு எனக்குத் தோணல, இன்னைக்கும் தோணல. அக்கா என்ர கையைப் புடிச்சாங்க. அவங்க கண்ணு நெறஞ்சிருந்துச்சு.

"உங்களை எனக்குத் தெரியுமுங்க அம்மணி. உங்க ஊட்டுக்கு வர்றவங்களைத் தெரியாதுங்களே."

கோவமா வந்துச்சு. என்ர ஊட்டுக்கு யாரு வர்றாங்க? பால்காரரு, கேஸ் கொண்டுவர்றவரு, அவிநாசியில இருந்து மாசத்துக்கு ஒருக்கா என்ர தம்பி. நான் தூக்கி வளர்த்த தம்பி. அவனைப் போய்ச் சொல்றாங்களான்னு அன்னைக்கு முழுக்க மனசு கொதிச்சுட்டே இருந்துச்சு. அடுப்புல வெச்ச கொழம்பு அடிப்புடிச்சுப்போச்சு.

அந்த வாரக் கடைசியில தம்பி வந்தான். தேங்காய் மூட்டையை எறக்கி வெச்சுட்டுச் சாப்புட்டான், எங்க மாமன் ஊட்டுக் காதுகுத்தைப் பத்திப் பேசுனான். அப்பறம் பல்லுக் குத்திட்டே மாடிக்குப் போய், புதுசாக் கட்டுன செவுத்தைப் பார்த்துட்டு நின்னான். நான் வத்தல் எடுக்க மேல போனேன்.

"ஏக்கா, செவுரு நல்லாத்தான் இருக்குது. இந்தக் கடைசியில மட்டும் ஒரு வழி உட்டிருக்காங்களே, அதுக்கு நேரா யார் ஊடு?"

என்ர கையில வத்தல் முறம் அப்படியே நின்னுபோச்சு.

"எதுக்குடா கேக்கறே?"ன்னேன்.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் கேட்ட தோரணை அவனுக்குப் புடிபடல. "சும்மா கேட்டேன்க்கா"ன்னான்.

"யார் ஊடும் இல்ல. அது வெறும் செவுரு"ன்னேன். அவன் தலையை ஆட்டிட்டுக் கீழ எறங்கிப் போய்ட்டான். எடுப்புல வெச்சு நான் சோறூட்டுன புள்ள. அவன் சும்மாதான் கேட்டானான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.